திறக்க மறுத்த ஸ்விங் ஆர்ம்: லேண்ட் குரூசர் பின் பம்பரில் ஒரு பழுதுபார்ப்பு

டொயோட்டா லேண்ட் குரூசர் 100 வரிசை வண்டியின் ஸ்டெப்னி, தொழிற்சாலையிலிருந்து வரும்போது வண்டியின் பின்பகுதியில் அடியில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். ஆஸ்திரேலியாவின் உட்பகுதிப் பாலைவனங்களுக்குச் செல்பவர்கள் அந்த இடத்தில் பெரிய டீசல் டாங்க் ஒன்றைப் பொருத்திவிட்டு, ஸ்டெப்னியைப் பின் பம்பருக்கு மாற்றிவிடுவது அங்கே நெடுநாளைய வழக்கம். இதற்கென்றே கனமான இரும்புத் தகட்டில் செய்த பம்பர்கள் கிடைக்கின்றன. அவற்றின் இரு முனைகளிலும் செங்குத்தான அச்சில் கதவுபோல் சுழலும் ஸ்விங் ஆர்ம்கள் (இனி, கைகள்) இருக்கும். பிரிஸ்பேனில் நான் பழைய வண்டியாக வாங்கிய 100 வரிசையில் வலப்பக்கக் கையில் ஸ்டெப்னியும், இடப்பக்கக் கையில் 20 லிட்டர் ஜெர்ரி கேன்கள் இரண்டும் மாட்டப்பட்டிருந்தன. இந்த வண்டியின் பின்கதவு மேல், கீழ் என இரண்டாகப் பிரிந்து திறப்பது. கீழ்க்கதவை இறக்க வேண்டுமானால் இரண்டு கைகளும் முழுவதும் விலகியாக வேண்டும். வலக்கை கொஞ்சமும் அசையவில்லை. இடக்கை முனகிக்கொண்டே பாதி தூரம் வந்து நின்றது.

இந்த நிலையில் பலருக்கும் முதலில் தோன்றுவது, கையின் முனையில் சங்கிலியைக் கட்டி இன்னொரு வண்டியால் இழுத்துவிடலாம் என்பதே. கை நீளமான நெம்புகோல் என்பதால் அது பலன் தரவும் கூடும். ஆனால் அதே நெம்புகோல், ஸ்பிண்டில் (கை சுழலும் அச்சுத்தண்டு) பம்பரோடு சேரும் இடத்திலும் கை ஹப்போடு (ஸ்பிண்டில்மேல் உட்காரும் குழாய்) சேரும் இடத்திலும் உள்ள வெல்டிங்கைப் பிளக்கவும் போதுமானது. அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் விழுந்துவிட்டால், 285/75 ஆர் 16 அளவு டயரும் இரும்பு ரிம்மும் சேர்ந்து 40 கிலோவுக்குக் குறையாத ஒரு சக்கரம் என்றைக்காவது நெடுஞ்சாலையில் பின்னால் வருபவர்முன் விழும். ஆகவே கையைப் பக்கவாட்டில் வலிந்து திருப்புவதில்லை, ஹப்பை அச்சின் திசையில் நேராக மேலே கழற்றுவது மட்டுமே என்று முடிவு செய்துகொண்டேன்.

உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரிந்தால்தான் எங்கே இறுகியிருக்கும் என்று ஊகிக்க முடியும். பம்பரிலிருந்து ஒரு ஸ்பிண்டில் செங்குத்தாக நிற்கிறது. கையின் முனையில் வெல்டு செய்யப்பட்ட குழாய் வடிவ ஹப் அதன்மீது கவிழ்ந்து உட்காருகிறது. இரண்டுக்கும் இடையில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகக் கூம்பு உருளை பேரிங்குகள். அடியில் ஆயில் சீல். உச்சியில் கேஸில் நட் (விளிம்பில் காடிகள் வெட்டிய நட்), அது கழலாதபடி காடியில் குறுக்கே செருகும் ஸ்பிளிட் பின், அவற்றின்மேல் தட்டி இறக்கிய தகர மூடி. டிரெய்லர் சக்கரத்தின் ஹப்பைத் தொண்ணூறு பாகை திருப்பி நிறுத்தி வைத்ததுதான் இது. அந்தத் திருப்பத்தில்தான் சிக்கலும் இருக்கிறது: மூடியின் ஓரத்தில் நுழையும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கீழே இறங்கி, சீலின்மேல், அதாவது கீழ் பேரிங்கின் உருளைகளுக்கு நடுவே தேங்கி நின்றுவிடுகிறது. கீழ் பேரிங்தான் பிடித்துக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்த்தேன்.

முதலில் ஸ்டெப்னியை இறக்கிக் கையின் சுமையைக் குறைத்தேன். கையின் நடுவே டிராலி ஜாக்கியை மரத்துண்டோடு கொடுத்து, எடை ஸ்பிண்டிலில் தொங்காத அளவுக்கு மட்டும் தூக்கி நிறுத்தினேன். நம்பர் பிளேட் விளக்குக்குச் செல்லும் ஒயரைக் கழற்றி ஓரமாகக் கட்டினேன். தகர மூடியைச் சுற்றிலும் உளியால் சிறிது சிறிதாகத் தட்டி எழுப்பியதும், உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் மண்ணிறத்தில் காய்ந்த களிம்பும், அதன் ஓரத்தில் வெள்ளை உப்புப் படிவும் தெரிந்தன. ஸ்பிளிட் பின் இடுக்கியில் பிடித்ததும் பொடிந்தது. கேஸில் நட்டும் வாஷரும் மேல் பேரிங்கின் உள் வளையமும் அதிகப் பிடிவாதமின்றி வெளியே வந்துவிட்டன.

மேல் பேரிங் வந்துவிட்டது பெரிய வசதி. பக்கவாட்டிலிருந்தோ அடியிலிருந்தோ துருநீக்கி எண்ணெயைப் பீய்ச்சினால் சீல் அதைத் தடுத்துவிடும். மேலிருந்து ஊற்றினாலும் ஹப்பின் நடுக்குழியை நிறைத்திருக்கும் பழைய கிரீஸ் கட்டியில் நின்றுவிடும். ஆகவே அந்தக் கட்டியை நீளமான ஸ்க்ரூ டிரைவராலும் துணிச்சுருளாலும் கூடியமட்டும் தோண்டி எடுத்துவிட்டு, அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயும் சம அளவில் கலந்த கலவையை ஸ்பிண்டிலைச் சுற்றி ஊற்றினேன். இந்தக் கலவை நிற்காமல் பிரிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். தேவையான இடம் அடியில் இருந்ததால் மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொண்டது. பித்தளைக் கம்பியை ஹப்பின் வெளிச்சுவரில் வைத்துச் சுற்றிச் சுற்றி மிதமாகத் தட்டிக்கொண்டே, அடுத்த சில நாட்கள் காலையும் மாலையும் கலவையை நிரப்பி வைத்தேன். ஒரு மாலையில் அடியில் சீலின் ஓரத்திலிருந்து செம்பழுப்பு நிறத்தில் ஒரு சொட்டு விழுந்தது. கலவை பேரிங்கைக் கடந்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் வேண்டியதில்லை.

அடுத்தது வெப்பம். எஃகு ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் தன் நீளத்தில் சுமார் பத்து லட்சத்தில் 12 பங்கு விரிகிறது. கீழ் பேரிங்கின் வெளி விட்டம் ஏறத்தாழ 59 மில்லிமீட்டர். ஸ்பிண்டில் குளிர்ந்திருக்க ஹப்பை மட்டும் 150 பாகை சூடாக்கினால், துளை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலும். கேட்பதற்குச் சிறிதாக இருந்தாலும் துருவின் பிடியை உடைக்க இது போதும். கேஸ் டார்ச் விரைவாக வேலையை முடித்துவிடும் என்பது உண்மைதான்; ஆனால் கையெட்டும் தொலைவில் டீசல் டாங்க், ஹப்புக்குள் ஊறிய எண்ணெய், உறைநிலைக்குக் கீழேகூடத் தீப்பிடிக்கக்கூடிய ஆவியைத் தரும் அசிட்டோன் ஆகியவை இருக்கும்போது திறந்த சுவாலையை அங்கே கொண்டுசெல்வது எனக்கு அறிவாகத் தோன்றவில்லை. மிச்சமிருந்த கலவையைத் துணியால் ஒற்றியெடுத்து, ஒரு நாள் காற்றாட விட்ட பிறகு, தொழிற்பட்டறைகளில் பயன்படும் ஹீட் கன் கொண்டு ஹப்பின் கீழ்ப்பாதியைச் சுற்றிலும் சூடாக்கினேன். டாங்கின் பக்கம் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டிருந்தேன். அகச்சிவப்பு வெப்பமானி பளபளப்பான உலோகத்தில் தவறாகக் காட்டும். கறுப்பு வண்ணம் பூசிய பரப்பில் வைத்துப் பார்த்தால் நம்பலாம். இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும்: குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனரால் கழுவிய பொருளைச் சூடாக்கவே கூடாது, அது பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவாகச் சிதையக்கூடும்.

மூன்று கால் புல்லரின் (இறுகிய பாகத்தை இழுத்துக் கழற்றும் கருவி) கால்களை ஹப்பின் அடிவிளிம்பில் கோத்து, நடுத் திருகாணியை ஸ்பிண்டிலின் தலையில் நிறுத்தினேன். அதற்குமுன், கழற்றி வைத்திருந்த கேஸில் நட்டை ஸ்பிண்டிலின் தலையோடு சமமாக இருக்கும்படி சில மரைகளில் மீண்டும் ஏற்றிவைத்தேன். மரை நசுங்காமல் அது காக்கும். ஹப் திடீரென்று விடுபட்டால் மேலே துள்ளாமலும் தடுக்கும். திருகாணியை இறுக்கி, ஹப்பைப் பக்கவாட்டில் தட்டி, மீண்டும் சூடாக்கி, மீண்டும் கால் சுற்று இறுக்கி என்று பொறுமையாகச் சென்றபோது, துப்பாக்கி வெடித்தாற்போன்ற ஓசையுடன் ஹப் மேலே எழும்பி நட்டில் இடித்து நின்றது. கீழ் பேரிங்கின் உள் வளையமும் உருளைகளும் சீலும் ஸ்பிண்டிலிலேயே தங்கிவிட்டன. டிரெய்லர் ஹப்புகளில் வேலை செய்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது.

கை பணிமேசைக்கு வந்தபின் நான் அதிக நேரம் செலவிட்டது சுத்தம் செய்வதில் அல்ல, பேரிங் வளையங்களைப் பார்ப்பதில்தான். கீழ் வெளி வளையத்தின் பரப்பில் உருளைகளின் இடைவெளியிலேயே, ஒவ்வொரு உருளையின் நீளத்துக்கும் ஒரு குழி விழுந்திருந்தது. குழிகளில் நுண்ணிய செந்நிறப் பொடி படிந்திருந்தது. இது தண்ணீரால் மட்டும் வருவதன்று. பேரிங் சுழலாமல் ஒரே நிலையில் நிற்க, அதிர்வு மட்டும் இடைவிடாமல் வந்துகொண்டிருந்தால், உருளைக்கும் வளையத்துக்கும் இடையிலுள்ள கிரீஸ் படலம் பிதுங்கி விலகிவிடும்; சுழற்சி இல்லாததால் அது திரும்பி வருவதில்லை. பிறகு உலோகம் உலோகத்தோடு நுண்ணளவில் உராய்ந்து பொடியாகி, அந்தப் பொடி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிப் நதிச் சாலை போன்ற தடங்களில், ஏறத்தாழ 660 கிலோமீட்டரில் பெரும்பகுதி வரிவரியான மேடுபள்ளங்களில் செல்லும்போது, ஸ்விங் ஆர்மின் பேரிங் நாள் முழுவதும் ஒரு பாகைகூடச் சுழலாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும். சுழல்வதற்காகச் செய்த ஒரு பொருளைச் சுழலவிடாமல் அடித்துக்கொண்டிருப்பதற்கு இது ஒப்பாகும். அதன்மேல் உப்புநீர் வந்தால் துரு தன் மூல உலோகத்தைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பூட்டிவிடுகிறது.

குழிகள் வளையம் முழுவதும் இல்லை என்பதுதான் இன்னும் பயனுள்ள செய்தி. கீழ் வளையத்தில் அவை கை இருக்கும் பக்கத்தில் மட்டும் இருந்தன. மேல் வளையத்தில் அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருந்தன. கை தன் எடையால் முனையில் கீழே தொங்க முயலும்போது ஹப் சாய்ந்து அழுத்தும் இடங்கள் மிகச் சரியாக இவைதான். ஆக, பூட்டியிருந்த நிலையிலும் சக்கரத்தின் எடையை இந்த பேரிங்குகளே சுமந்திருக்கின்றன. சக்கரமும் ரிம்மும் 45 கிலோ என்றும், அவற்றின் மையம் அச்சிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்றும், இரண்டு பேரிங்குகளுக்கும் இடைவெளி 10 சென்டிமீட்டர் என்றும் கொண்டால், வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே ஒவ்வொரு பேரிங்கையும் பக்கவாட்டில் அழுத்தும் விசை சுமார் 270 கிலோ எடைக்குச் சமம். குழியில் இறங்கி ஏறும் கணத்தில் அது இன்னும் பெருகும். பூட்டிய கையின் மறுமுனையைத் தாங்கவேண்டிய பிளாஸ்டிக் தாங்குகட்டையைப் பார்த்தேன். அது தேய்ந்து, கையின் அடிப்பரப்புக்கும் அதற்கும் நடுவே ஒரு நாணயம் நுழையும் இடைவெளி இருந்தது. துருப்பிடித்தது கீல் முனையில் என்றாலும், பழுது தொடங்கியது பூட்டு முனையில்தான். இதைச் சரிசெய்யாமல் புதிய பேரிங் போட்டிருந்தால் அதுவும் அதே வழியில் போயிருக்கும்.

ஸ்பிண்டிலில் ஒட்டிக்கொண்டிருந்த உள் வளையத்தை எடுக்க, உருளைக் கூண்டை வெட்டி நீக்கிவிட்டு, மெல்லிய கட்டிங் டிஸ்க்கால் வளையத்தில் சாய்வாக ஒரு கீறல் போட்டேன். ஸ்பிண்டிலைத் தொடும் வரை வெட்டக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் அளவு மிச்சம் வைத்து, கீறலில் உளியை வைத்து ஓங்கி அடித்தால் கடினப்படுத்திய எஃகு கண்ணாடிபோல் விரிசல் விட்டுவிடும். சில்லு தெறிக்கும் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் போதாது, முகக்கவசமும் வேண்டும். ஹப்புக்குள் இருந்த மேல் வெளி வளையம் பித்தளைக் கம்பிக்குப் பணிந்தது. கீழ் வளையம் பணியவில்லை. அதன் உட்பரப்பைச் சுற்றி வெல்டிங்கில் ஒரு வரி ஓட்டினேன். வெல்டு ஆறும்போது சுருங்கி வளையத்தையும் சேர்த்து இழுத்துவிடும் என்பதால், அது ஆறியதும் கையாலேயே எடுக்க முடிந்தது. வண்டியிலிருந்து கழற்றி மேசையில் வைத்த பாகத்தில் மட்டுமே இப்படிச் செய்யலாம். வண்டியோடு இருக்கும்போது வெல்டு செய்தால் பாட்டரியைக் கழற்ற வேண்டும், எர்த் பிடியை வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே போட வேண்டும். மின்னோட்டம் பேரிங் வழியாகச் சென்றால் உருளைகள் கெட்டுவிடும்.

உப்புத்தாளால் ஸ்பிண்டிலைத் தேய்த்துப் பார்த்ததில் பேரிங் உட்காரும் பரப்புகள் அளவு குறையாமல் இருந்தன. சீலின் உதடு படும் வட்டத்தில் மட்டும் குழிகள் விழுந்திருந்தன. அப்படியே விட்டால் புதிய சீலும் தண்ணீரைத் தடுக்காது. இதற்கு எஸ்கேஎஃப் நிறுவனம் ஸ்பீடி ஸ்லீவ் என்ற பெயரில், 0.28 மில்லிமீட்டர் கனமுள்ள துருப்பிடிக்காத எஃகு உறையை விற்கிறது. குழிகளை எப்பாக்சி பசையால் நிரப்பிவிட்டு உறையைத் தட்டி ஏற்றினால், அதே அளவு சீலே மீண்டும் பொருந்தும்.

பேரிங் கிடைப்பதில் ஒரு சிரமமும் இல்லை. கீழே எல்எம் 67048, மேலே எல்எம் 11949. உள்விட்டங்கள் முறையே 31.75, 19.05 மில்லிமீட்டர். ஆஸ்திரேலிய டிரெய்லர்களில் மிகப் பரவலான இந்த இணையை அங்கே எல்லாக் கடைகளிலும் ஹோல்டன் பேரிங் என்றுதான் கேட்பார்கள். ஹோல்டன் கார் உற்பத்தி ஆஸ்திரேலியாவில் 2017இல் நின்றுவிட்டது. பேரிங்கில் அந்தப் பெயர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பம்பரை வடிவமைத்தவர் இந்த அளவைத் தேர்ந்தெடுத்ததற்கு நான் நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் பாலைவன ஓரத்துச் சிற்றூரின் பெட்ரோல் நிலையத்தில்கூட இது கிடைக்க வாய்ப்புண்டு.

ஹப்பில் கிரீஸ் நிப்பிள் (கிரீஸை உள்ளே செலுத்தும் முனை) இல்லை. அதை எங்கே வைப்பது என்பதில் கொஞ்சம் யோசனை தேவைப்பட்டது. பலரும் செய்வதுபோல் நடுவில் வைத்தால் கிரீஸ் எளிதான வழியில் மேலே ஏறிவிடும், தண்ணீர் தேங்கும் கீழ் பேரிங் அப்படியே கிடக்கும். ஆகவே சீலுக்கும் கீழ் பேரிங்குக்கும் நடுவே இருந்த சிறிய இடைவெளிக்கு நேராக 5 மில்லிமீட்டர் துளையிட்டு, எம் 6 மரை வெட்டி நிப்பிளைப் பொருத்தினேன். இப்போது உள்ளே செல்லும் கிரீஸ் கீழ் பேரிங்கை நிறைத்து, நடுக்குழியை நிறைத்து, மேல் பேரிங்கின் வழியாகப் பழையதையும் ஈரத்தையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும். கிரீஸ் அடிக்கும்போது தகர மூடியைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். கையால் இயக்கும் கிரீஸ் கன் கொடுக்கும் அழுத்தமே சீலை வெளியே தள்ளிவிடப் போதுமானது. உப்புநீரைத் தாங்கும் கால்சியம் சல்ஃபோனேட் வகை கிரீஸைத் தேர்ந்தெடுத்தேன். எந்த வகையைத் தேர்ந்தாலும் பழையதை முழுவதும் கழுவிவிட்டுத்தான் போட வேண்டும், ஏனென்றால் ஒத்துப்போகாத இரண்டு கிரீஸ்கள் கலந்தால் ஒன்று நீர்த்து வழியும், அல்லது கட்டியாகும். இடக்கை பாதியில் நின்றதற்குக் காரணம் அதுவே: உள்ளே நீல நிறத்திலும் பழுப்பு நிறத்திலும் இரு கிரீஸ்கள் கலந்து மெழுகாக இறுகியிருந்தன. பேரிங்குகள் நன்றாக இருந்தன. கழுவி, அதே இடத்தில் நிப்பிள் வைத்து, புதிய சீலோடு மூடினேன்.

நட்டை இறுக்கும் அளவு சக்கர ஹப்பிலிருந்து வேறுபடுகிறது. டிரெய்லர் சக்கரத்தில் ஹப்பைச் சுழற்றிக்கொண்டே 50 அடி-பவுண்டு வரை இறுக்கி உருளைகளை உட்காரவைத்து, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் இறுக்கி விடுவார்கள்; ஓட்டத்தில் சூடாகி விரிவதற்கு இடம் வேண்டும் அல்லவா. ஸ்விங் ஆர்ம் வேகமாகச் சுழல்வதும் இல்லை, சூடாவதும் இல்லை. அங்கே இடைவெளி விட்டால் அதிர்வுக்கு விளையாட இடம் கொடுத்ததாகும். ஆகவே உட்காரவைத்துத் தளர்த்தியபின், மேலும் கீழும் ஆட்டினால் சிறிதும் ஆட்டம் தெரியாமல், அதேசமயம் கை கனமாகச் சுழலும் அளவுக்கு இறுக்கினேன். பயணப் பெட்டியின் எடை பார்க்கும் கொக்கித் தராசைக் கையின் முனையில் மாட்டி இழுத்தால், சுமை மாட்டாத கை சுமார் 2 கிலோவில் நகரத் தொடங்குமாறு வைத்திருக்கிறேன். சரிவில் வண்டி நிற்கும்போது கை தானாக ஓடிவந்து காலில் இடிக்காமலிருக்கவும் இந்த இறுக்கம் உதவுகிறது. புதிய ஸ்பிளிட் பின் போட்டு, மூடியின் ஓரத்தை நடுநிலை சிலிகானால் அடைத்தேன். வினிகர் வாடை வரும் சிலிகான் இரும்பை அரிக்கும்.

தாங்குகட்டையைப் புதிதாக அடர் பாலிஎத்திலீன் கட்டையில் சரிவாக அறுத்துச் செய்தேன். கை மூடும்போது சரிவில் ஏறி முனை இரண்டு மில்லிமீட்டர் உயர வேண்டும் என்பதே அளவு. அப்போதுதான் சக்கரத்தின் எடை கீலை விட்டுக் கட்டைக்கு மாறும். அடியில் மெல்லிய எஃகுத் தகடுகளை வைத்திருப்பதால், தேயும்போது ஒரு தகடு சேர்த்தால் போதும். பூட்டின் இழுகம்பியை, நெம்பும்போது உள்ளங்கை உறுத்தும் அளவுக்கு நீளம் குறைத்து, லாக் நட்டைப் பூட்டினேன். துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும் இயல்புடையவை. அவற்றின் மரைகளுக்கு அப்படிப் பற்றாமல் தடுக்கும் ஆன்டி சீஸ் பசையைப் பூசினேன்.

பராமரிப்பில் முதலிடம் கிரீஸுக்கு அன்று, அசைவுக்கே. பின்கதவைத் திறக்கத் தேவையில்லாத வாரங்களிலும் இரண்டு கைகளையும் ஓர் எல்லையிலிருந்து மறு எல்லை வரை சிலமுறை வீசித் திறந்து மூடுகிறேன். கரடுமுரடான தடத்தில் செல்லும் நாட்களில் மாலைதோறும் இதைச் செய்கிறேன். கிரீஸ் அடிக்கும்போதும் கையை அசைத்துக்கொண்டே அடித்தால்தான் உருளைகளின் எல்லாப் பக்கமும் நனையும். கர்ரி தீவின் (2023 வரை பிரேசர் தீவு என்பதே அதன் அதிகாரப்பூர்வப் பெயர்) எழுபத்தைந்து மைல் கடற்கரையில், சட்டப்படி அதுவும் ஒரு சாலை என்பதால், வண்டிகள் மணிக்கு 80 கிலோமீட்டர் வரை அலை விளிம்பில் ஓடும். அங்கிருந்து திரும்பியதும் பம்பரின் அடியை நன்னீரால் நெடுநேரம் கழுவுகிறேன். ஆனால் பிரஷர் வாஷரின் முனையை மூடியின் ஓரத்துக்கோ சீலுக்கோ நேராகக் காட்டுவதில்லை, சீல் தடுப்பது தெறிக்கும் நீரைத்தான், பீறிடும் நீரை அல்ல. பூட்டுக்கும் போல்ட் தலைகளுக்கும் லனோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு) தெளிப்பான் போதும்.

புதிய பேரிங் முதல் கரடுமுரடான பயணத்தில் கொஞ்சம் உட்காரும். அதனால் திரும்பி வந்ததும் மூடியைத் திறந்து, கையை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து, ஆட்டம் தெரிந்தால் கேஸில் நட்டை அடுத்த காடிக்கு நகர்த்திப் புதிய பின்னைப் போட வேண்டும். தாங்குகட்டையின் இடைவெளியையும் அப்போதே ஒரு துண்டுத் தாளை நுழைத்துப் பார்த்துவிடலாம். கை பூட்டியிருக்கும்போது தாள் உருவிக்கொண்டு வந்தால் ஒரு தகடு சேர்க்க வேண்டும்.